ஷெரிப் அம்மாவின் ஊரில் இரண்டு நாள்

"வாசலுக்குச் சில படிகள்தான்" என்று நாங்கள் தங்கப்போகும் வீட்டின் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். மகள் எண்ணிக்கொண்டே ஏறினாள். 83. நாற்பதாவது படியிலேயே அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "பழனிக்கே விஞ்ச்ல போற ஆளு நான். என்னை எங்கடி கொண்டாந்து ஏத்துறே?" என்றார். மூச்சு வாங்கியதில் கோபம்கூட முழுசாக வரவில்லை. பெட்டிகளோடு பின்னால் வந்த என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் வந்தால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியும்.

ஊர் பிஸ்பி. அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, மியூல் மலைகளின் இடுக்கில் ஐயாயிரம் பேர் வசிக்கிற பழைய செம்புச் சுரங்க ஊர். நாங்கள் இருக்கும் சாண்ட்லரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். ஜனவரி நீண்ட வார இறுதிக்கு நண்பர்கள் எல்லோரும் செடோனா, கிராண்ட் கேன்யன் என்று கிளம்ப, நான் மட்டும் பிஸ்பிதான் என்று அடம்பிடித்தேன். காரணம், ஒரு துப்பறியும் கதைத் தொடர். "கொலை நடந்த ஊருக்கா டூர் போறது?" என்று கணவர் கேட்டார். கற்பனைக் கொலைதானே என்றேன்.

ஜே. ஏ. ஜான்ஸ் எழுதும் ஜோவானா பிரேடி கதைகள் அவை. முதல் நூல் 1993இல் வந்தது. ஜோவானா இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவள், ஒன்பது வயதில் ஜென்னி என்று ஒரு மகள். கணவன் ஆண்டி துணை ஷெரிப். அடுத்த ஷெரிப் தேர்தலில் நிற்கிறான். பத்தாவது திருமண நாளன்று அவன் சொன்ன நேரத்துக்கு வீடு வரவில்லை. தேடிப் போகிறவள் வழியில் குண்டடிபட்டுக் கிடப்பவனைக் கண்டெடுக்கிறாள். அப்புறம் அவன் நின்றிருக்க வேண்டிய தேர்தலில் அவளே நின்று ஜெயிக்கிறாள். இரண்டாவது நூலிலிருந்து, பிஸ்பி இருக்கும் கொச்சீஸ் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) அவள்தான் ஷெரிப்.

ஷெரிப் என்றதும் சென்னை ஷெரிப் நினைவுக்கு வந்தால் மறந்துவிடுங்கள். அது அந்தக் காலத்தில் வரவேற்பில் மாலை போட்ட அலங்காரப் பதவி. இங்கே ஷெரிப் என்றால் நகர எல்லைகளுக்கு வெளியே கவுண்டி முழுக்கக் காவல் பொறுப்பு அவருடையது, சிறையும் அவர் கையில். ஆனால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டும். எஸ்.பி.யும் கவுன்சிலரும் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு நூலில் ஜோவானா கர்ப்பமாக இருக்கும்போதே மறுதேர்தலுக்கு நிற்கிறாள். அதே சமயம் கவுண்டியின் தெருநாய் பிடிக்கும் பிரிவும் அவள் தலையில் வந்து விழுகிறது. படிக்கும்போது சிரித்தேன். எங்கள் ஆபீசிலும் ஆள் இல்லாத வேலையெல்லாம் இப்படித்தான் யார் தலையிலாவது வந்து விழும்.

போகிற வழியில் அம்மா கதை கேட்டார். சொல்லிக்கொண்டே போனேன். ஜோவானாவின் அம்மா எலினோருக்கு மகள் ஷெரிப் ஆனதில் துளிக்கூட இஷ்டம் இல்லை. எலினோரின் கணவரும் ஷெரிப்பாக இருந்தவர்தான். சாலையோரம் யாருக்கோ டயர் மாற்ற உதவப் போய், குடித்துவிட்டு வந்தவனின் வண்டி மோதி இறந்துபோனவர். மருமகனும் காக்கிச் சட்டையால் போனான். இப்போது மகளுக்கும் அதே சட்டை. கதை இந்த இடத்துக்கு வந்ததும் அம்மா, "அந்தப் பொம்பளை சொல்றது நியாயந்தானே?" என்றார். நான் சொன்ன கதையில் அம்மா ஏற்கெனவே கட்சி சேர்ந்துவிட்டார்.

பென்சன் தாண்டி 80ஆம் எண் சாலையில் திரும்பியபோது என் போன் அடித்தது. அந்த வாரம் ஆபீசில் நான் ஆன்-கால், எப்போது கூப்பிட்டாலும் எடுத்தாக வேண்டும். எங்கோ ஒரு சர்வர் படுத்துவிட்டது. மடிக்கணினியைத் திறந்து இருபது நிமிடம் பேசிவிட்டு நிமிர்ந்தால், கண்ணாடியில் அம்மாவின் முகம். எலினோர் எப்படி இருப்பாள் என்று இதுவரை நானாக ஒரு முகம் வைத்திருந்தேன். அன்றோடு அது மாறிவிட்டது.

டூம்ஸ்டோனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. 1881 அக்டோபர் 26 அன்று அரை நிமிடம் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையை வைத்து ஊரே இன்றுவரை பிழைக்கிறது. கௌபாய் தொப்பி, போலித் துப்பாக்கி, ஐஸ்கிரீம். 1882இல் கட்டிய செங்கல் நீதிமன்றம் மட்டும் எனக்குப் பிடித்தது. 1929 வரை கவுண்டியின் தலைமையிடம் டூம்ஸ்டோன்தான், அப்புறம்தான் பிஸ்பிக்கு மாறியது.

இந்தச் சாலையில் போகும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கொச்சீஸ் கவுண்டி ஏறத்தாழ 16,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் எட்டில் ஒரு பங்கு நிலம், அதில் மொத்தமே ஒன்றேகால் லட்சம் பேர். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மஞ்சள் புல், முள்ளுச்செடி, அதற்குப் பின்னால் நீல மலை. பிஸ்பியிலிருந்து வில்காக்ஸ் போக ஒன்றரை மணி நேரம். சிரிகாஹுவா மலைக்கு அந்தப் பக்கம் போர்ட்டல் என்றால் அதைவிடக் கூடுதல். அதனால்தான் இந்தக் கதைகளில் பாதி காருக்குள் நடக்கிறது! வீட்டில் வாசிக்கும்போது, எத்தனை பக்கம்தான் இந்தப் பெண் வண்டி ஓட்டுவாள் என்று அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

"வேலையையும் குடும்பத்தையும் சமாளிக்கும் பெண்" என்று பின்னட்டைகளில் போடுவார்களே, எனக்கு அந்த வரியைக் கண்டாலே கொட்டாவி வரும். ஜோவானா விஷயத்தில் அது வெறும் மைல் கணக்கு. பிணம் பக்கத்தில் கிடைத்தால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாள். மலைக்கு அந்தப் பக்கம் கிடைத்தால் சாப்பாடு போச்சு, மகளுக்குக் கொடுத்த வாக்கும் போச்சு. இப்போதெல்லாம் புதுக் கதையைத் திறந்தால் செத்தது யார் என்பதற்கு முன்னால் எங்கே என்றுதான் பார்க்கிறேன். கொலையாளி யார் என்பதில் ஜான்ஸ் அப்படியொன்றும் பெரிய சூரர் இல்லை. சில நூல்களில் பாதியிலேயே தெரிந்துவிடும். ஆனால் ஃபிரிட்ஜில் பால் இல்லை என்பது எந்த அத்தியாயத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

மியூல் பாஸ் குகைப்பாதைக்குள் நுழைந்து வெளியே வந்தால் கீழே ஊர். 5,500 அடி உயரம், ஏற்காட்டைவிடக் கொஞ்சம் அதிகம், குளிரும் அப்படியே. வீடுகள் மலைச்சரிவில் ஒன்றின் தலையில் ஒன்று. ஒரு வீட்டின் கூரை மட்டத்தில் அடுத்த வீட்டின் வாசல். நடுவில் கான்கிரீட் படிகள். பழைய பிஸ்பியில் தபால்காரர் வீட்டுக்கு வருவது கிடையாதாம். எங்கள் 83 படிகளைப் பார்த்த பிறகு அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

எல்லோரும் தபால் நிலையத்துக்கே போய்ப் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்கிறார்கள். மாலையில் அங்கே போனோம். சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள், சாவியோடு வரிசையாக ஆட்கள். ஒருவர் கடிதத்தை எடுத்த கையோடு இன்னொருவரிடம் நாய்க்கு உடம்பு தேவலையா என்று விசாரித்தார். இந்த ஊரில் துப்புத் துலக்க ஷெரிப் எங்கும் போக வேண்டாம், இந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும்.

அதே கட்டடத்தின் மாடியில் காப்பர் குவீன் நூலகம். 1882இல் தொடங்கியது, அரிசோனாவில் தொடர்ந்து இயங்கும் நூலகங்களில் மிகப் பழையது. மகள் காமிக்ஸோடு உட்கார்ந்தாள். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஜான்ஸை நினைத்துக்கொண்டேன். அவர் வளர்ந்த ஊர் இது. 1964இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கிய வகுப்பில் சேரப் போனபோது, பெண்கள் டீச்சராகவோ நர்ஸாகவோ போகட்டும் என்று சொல்லி அவரைச் சேர்க்கவில்லை. அவருடைய கணவருக்கு அதே வகுப்பில் இடம் கிடைத்தது. வீட்டில் ஒரு எழுத்தாளர் போதும் என்று அந்தக் கணவர் சொன்னாராம். பின்னால் ஜான்ஸ் தனி ஆளாகக் குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, விடியற்காலை நான்கு மணியிலிருந்து ஏழு மணிவரை எழுதி, அப்புறம் குழந்தைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இன்சூரன்ஸ் விற்கப் போயிருக்கிறார். 1985இல் வந்த முதல் நாவலில் ஜே. ஏ. என்று இனிஷியல் மட்டும் போட்டதற்கும் காரணம் உண்டு, எழுதியவர் பெண் என்று தெரிய வேண்டாம் என்பதுதான். ஜோவானா ஏன் இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து வருகிறாள் என்று இனி யாரும் கேட்க மாட்டீர்கள்.

மறுநாள் காலை நீதிமன்றம் பக்கம் நடந்தோம். 1931இல் கட்டிய ஆர்ட் டெகோ கட்டடம். அருகில் சுரங்கத் தொழிலாளி சிலை, கான்கிரீட்டில் செய்து செம்பு பூசியது. வெற்று மார்பு, இறுகிய தாடை. அந்தச் சிலைக்கு முன்னால் நின்றபோது இந்த ஊரின் நிஜ ஷெரிப் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். 1917 ஜூலை 12 காலை, ஷெரிப் ஹாரி வீலர், சுரங்க முதலாளிகளின் பக்கம் நின்று சுமார் இரண்டாயிரம் பேருக்குத் துணை ஷெரிப் அதிகாரம் கொடுத்து, வேலைநிறுத்தம் செய்தவர்களை வீடு புகுந்து பிடிக்க வைத்தார். வாரன் பகுதியில் இருக்கும் பேஸ்பால் மைதானத்தில் அவர்களை அடைத்தார்கள். பிறகு சுமார் 1,200 பேரை மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஏற்றி, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ஹெர்மனாஸ் என்ற இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்த மைதானம் இன்னும் இருக்கிறது, இன்னும் ஆடுகிறார்கள். இப்படி ஒருவர் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு விதவைத் தாயைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார் ஜான்ஸ்.

சுரங்கத்துக்கு அம்மா வரவில்லை. குட்டி ரயிலில் குதிரைமேல் உட்காருவதுபோல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும், புடவைக்குச் சரிப்படாது. அம்மாவோடு கணவர் வெளியே இருந்துகொண்டார். நானும் மகளும் மஞ்சள் மேலங்கியும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு 1,500 அடி உள்ளே போனோம். உள்ளே எப்போதும் 8 டிகிரிதான். 1975இல் ஊரின் சுரங்க வேலை நின்றதும், அடுத்த வருடமே ஊர்க்காரர்கள் சேர்ந்து இதைச் சுற்றுலாவாகத் திறந்துவிட்டார்கள்.

கிளம்பும் முன் ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை கொடுத்தார்கள். எண் பொறித்து, நம்மூர் எட்டணாவைவிடச் சற்றுப் பெரிதாக, ஓரம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. உள்ளே போகிறவர் எடுத்துப் போய், வெளியே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு வில்லை வரவில்லை என்றால் ஒரு ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். மகள் அதை உள்ளங்கையில் வைத்து மூடியவள், வெளியே வரும்வரை திறக்கவே இல்லை. திருப்பிக் கொடுத்தபோது அவள் கையில் எண் பதிந்திருந்தது.

லாவண்டர் பிட் என்ற பெயரைக் கேட்டு அம்மா ஊதா நிறத்தில் ஏதோ பார்க்கப்போகிறோம் என்று நினைத்துவிட்டார். ஹாரிசன் லாவண்டர் என்ற கம்பெனி அதிகாரியின் பெயர் அது. கம்பி வேலிக்கு அப்பால் சுமார் 900 அடி ஆழத்துக்குத் தோண்டிப்போட்ட பள்ளம், செம்மண்ணும் வெள்ளையும் பச்சையுமாகப் படிப்படியாக இறங்குகிறது. அம்மா வெகுநேரம் பார்த்தார். "ஒரு மலையையே செம்பாக்கி வித்துட்டாங்களா?" என்றார். பிறகு, "இவ்வளவு செம்பு எடுத்த ஊர்ல ஒரு சொம்பு கிடைக்காதா?" என்று கடை கடையாக ஏறி இறங்கினார். மோதிரம் இருந்தது, காப்பு இருந்தது, பிஸ்பி ப்ளூ என்கிற நீலக்கல் இருந்தது. சொம்பு இல்லை.

சாயங்காலம் ஊருக்குக் கிழக்கே சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் பள்ளத்தாக்கில் இறங்கினோம். வழியில் ஹை லோன்சம் ரோடு என்று ஒரு பலகை. ஜோவானாவின் பண்ணை வீட்டுக்கும் ஹை லோன்சம் என்றுதான் பெயர். வண்டியை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டேன். ஒரு பச்சைப் பலகை, கம்பி வேலி, புழுதி. கணவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

அங்கே ஒயிட்வாட்டர் ட்ரா என்ற சதுப்பு நிலத்தில் குளிர்காலம் முழுக்க சாண்ட்ஹில் கொக்குகள் ஆயிரக்கணக்கில் வந்து தங்கும். சூரியன் இறங்கும் நேரம் வயல்களிலிருந்து கூட்டம் கூட்டமாகத் திரும்பின. முதலில் சத்தம்தான் வந்தது, தொண்டைக்குள் உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வானத்தில் கோடுகள். ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தொங்கவிட்டபடி இறங்கின. போனில் சிக்னல் இல்லை. ஆன்-கால் ஆள் எங்கே என்று யாராவது தேடியிருக்கலாம், தேடட்டும். அம்மா சால்வையைத் தலைவழியே போர்த்திக்கொண்டு மகளின் தோளைப் பிடித்தபடி நின்றார்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. மகள் தூங்கிப்போனாள். அம்மாவும் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஏண்டி, அந்த ஷெரிப் பொண்ணு கடைசியில அவ அம்மாவோட ராசியாயிட்டாளா?"

2016இல் வந்த நூல் எலினோரின் முடிவோடுதான் தொடங்குகிறது. போன மாதம் அதைச் சமையலறையில் நின்றபடியே படித்து முடித்தேன், குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றே தெரியவில்லை.

"இன்னும் அந்தப் புத்தகத்துக்கு வரலம்மா" என்றேன்.

"சரி, வந்ததும் சொல்லு" என்று அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.