லூஸ் சாக்ஸ், கருப்பு மூஞ்சி, எங்க பெரியம்மா

ஜப்பான் ஃபேஷன்னு பேச்ச எடுத்தாலே எல்லாரும் டோக்கியோவோட ஹராஜுகு ஏரியா, பொம்மை கவுன், பிங்க் ரிப்பன்னு ஆரம்பிச்சிடுறாங்க. அழகுதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எனக்கு என்னைக்குமே பிடிச்சது அங்கருந்து ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி இருக்குற ஷிபுயா பொண்ணுங்கதான். கியாருன்னு சொல்லுவாங்க. பொண்ணுன்னு அர்த்தம் வர்ற இங்கிலீஷ் 'gal'ங்கிற வார்த்தைதான் ஜப்பான்காரங்க வாய்ல உருண்டு அப்படி ஆயிடுச்சு.

அவங்க கோயில் 109. உருளை மாதிரி நிக்கிற ஒரு ஷாப்பிங் பில்டிங், 1979ல திறந்தது. ஏன் பேரு வெறும் நம்பர்னா, ஜப்பானிய மொழில பத்துக்கு தோ, ஒம்பதுக்கு க்யூ, சேத்து சொன்னா தோக்யூ, கட்டுன கம்பெனி பேரே அதுதான். இந்த நம்பர் விளையாட்டுல பொண்ணுங்க இன்னும் பெரிய ஆளுங்க, 90கள்ல செல்போன் கைக்கு வர்றதுக்கு முன்னாடி பேஜர்தான், அதுல 0840ன்னு வந்தா ஒஹாயோ அதாவது குட் மார்னிங், 14106ன்னு வந்தா ஐ லவ் யூ, இதயெல்லாம் ஸ்கூல் விட்டதும் பப்ளிக் போன்ல நின்னு கண்ணால பாக்காமயே படபடன்னு அடிப்பாங்களாம்.

இப்ப சாக்ஸுக்கு வரேன். ஸ்கூல் யூனிஃபார்ம மாத்த முடியாது, சரி, ஆனா பாவாடைய இடுப்புல ரெண்டு மூணு சுருட்டு சுருட்டிட்டா மினி ஸ்கர்ட் ஆயிடும்ல, டீச்சர் வந்தா அவுத்து விட்டுக்கலாம். கால்ல வெள்ளக் கலர்ல தடிமனான லூஸ் சாக்ஸ், சிலது ஒரு மீட்டருக்கு மேல நீளம், அத முட்டிக்குக் கீழ வரைக்கும் ஏத்தி மிச்சத்த எல்லாம் கணுக்கால் மேல மடிப்பு மடிப்பா, யானைக்கால் மாதிரி குவிச்சு விடணும். விட்டா சரசரன்னு கீழ எறங்கிடும். அதுக்குன்னே ஒரு கோந்து வித்தாங்க, உருட்டி தடவுற டியோடரண்ட் பாட்டில் இருக்குல்ல அதே ஷேப், ஆடுசதைல ஒரு சுத்து உருட்டி சாக்ஸ வச்சு அமுக்குனா சாயங்காலம் வரைக்கும் அசையாது. அந்தக் கோந்து 70கள்ல வந்த சரக்கு, நடுவுல ஆளே சீந்தல, லூஸ் சாக்ஸ் வந்ததும் அதுக்கு மறுஜென்மம்.

இவங்களுக்கெல்லாம் தலைவி பாடகி நமியே அமுரோ. ஓகினாவா பொண்ணு, மாநிறம், மெல்லிசு புருவம், பழுப்பு முடி, உயரமான பூட்ஸ். அவங்கள மாதிரியே டிரஸ் பண்ற பொண்ணுங்களுக்கு அமுரான்னு பேரே வந்துச்சு, 1996ல அது வருஷத்தோட ஃபேமஸ் வார்த்தைகள்ல ஒண்ணு. அடுத்த வருஷம் கல்யாணத்த அறிவிக்கிற பிரஸ் மீட்டுக்கு ஒரு செக் ஸ்கர்ட் போட்டுட்டு வந்தாங்க, அவ்ளோதான், அந்த ஸ்கர்ட் கடைல மிச்சமில்ல.

மாநிறத்தோட நிறுத்தியிருந்தா நான் இத எழுதிருக்கவே மாட்டேன். நிறுத்தல. 90கள் முடியுற நேரத்துல காங்குரோன்னு ஒண்ணு கெளம்புச்சு. டேனிங் சலூன்ல போய் படுத்து கருத்து, பத்தாததுக்கு அதுக்கு மேல டார்க் ஃபவுண்டேஷன், கண்ணச் சுத்தியும் உதட்டுலயும் வெள்ள, முடி சாம்பல் இல்லன்னா ஆரஞ்சு. எக்-ங்கிற பத்திரிகைல கலக்குன ஒரு பொண்ணோட பட்டப்பேரு புரிதெரி, சோயா சாஸ் பூசி பளபளன்னு வறுக்குற ஒரு மீன் ஐட்டம் பேரு அது. நெஜமா, மீன் வறுவல்னு பேரு வச்சுகிட்டு ஒருத்தி ஸ்டாரா இருந்திருக்கா! இன்னும் முத்திப்போனவங்களுக்கு யமம்பான்னு பேரு, பழைய கதைல மலைல திரியுற பேய்க்கிழவி. வெளிய திட்டுறதுக்கு வச்ச பேர இவங்க பாட்டுக்கு எடுத்து மாட்டிக்கிட்டாங்க.

ஜப்பான்ல ஒரு பழமொழி இருக்கு, வெள்ளத் தோல் இருந்தா ஏழு குறை மறையும்னு. அந்த ஊர்ல, அதுவும் டிவில சொனொகோ சுசுகின்னு ஒரு காஸ்மெடிக்ஸ் அம்மா முகத்துல லைட்ட அடிச்சுகிட்டு வெள்ளவெளேர்னு உக்காந்து வெள்ளையா இருங்கன்னு பாடம் எடுத்துகிட்டிருந்த அதே வருஷங்கள்ல, தெருவுல பொண்ணுங்க இப்படி. சின்ன வயசுல வாரா வாரம் ஞாயித்துக்கிழமை மூஞ்சில பயத்தமாவ அப்பிகிட்டு கொல்லைல உக்கார வைக்கப்பட்டவ நான், கறுப்பே அழகு காந்தலே ருசின்னு வாய் சொல்லும், கை மாவப் பிசையும். அதனால முதல் தடவ அந்தக் காங்குரோ பொண்ணுங்க ஃபோட்டோவ பாத்தப்ப எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே!

அப்புறம் யோசிச்சா கொஞ்சம் எறங்கிடுச்சு. அவங்க என்ன மாதிரி ஆகல, கருப்ப ஒரு சட்டையா போட்டுகிட்டாங்க, அவ்ளோதான். 2000 வாக்குல வெள்ள நிறம்தான் டிரெண்டுன்னு காத்து திரும்பினதும் முக்காவாசி பேரு கழட்டி வச்சிட்டாங்க. என்னோடத எங்க கழட்டுறது. இருந்தாலும் முழுசா விட்டுக்குடுக்கவும் மனசு வரல. அந்த மூஞ்சிய போட்டுகிட்டு ரயில்ல ஏறுனா மொத்த பெட்டியும் முறைக்கும், பத்திரிகைக்காரன் பாவாடைய சுருட்டுன எல்லா ஸ்கூல் பொண்ணையும் காசுக்கு ஆம்பளைங்களோட சுத்துறவன்னு எழுதிகிட்டிருந்த காலம். எந்த ஆம்பளைக்கும் பிடிக்காதுன்னு தெரிஞ்சே, கூட்டாளிக்கு மட்டும் பிடிச்சா போதும்னு, ரெண்டு மணி நேரம் ஒக்காந்து மேக்கப் போடணும்னா அதுக்கு ஒரு தில்லு வேணும்ல.

போன மாசம் ஊருக்குப் போனப்ப பெரியம்மாகிட்ட அந்த ஃபோட்டோவ காட்டுனேன். மாவு பிசைஞ்ச அதே பெரியம்மாதான். எங்கள இப்படி படுத்துனீங்களே, பாருங்க, அங்க காசு குடுத்து கருக்குறாங்கன்னு பெரிய லெக்சருக்கு ரெடியா நின்னேன். கண்ணாடிய மாட்டி போன கிட்டக்க வச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. மூஞ்சிய கண்டுக்கவே இல்ல.

"ஏண்டி, இம்மாம்பெரிய சாக்ஸு, மழை நாள்ல எப்படிடி காயும்?"