காத்துப் பார்த்தியா

ஜூலை 2

தம்பி தேதி சொல்லிவிட்டான். ஆகஸ்ட் 4 காலையில் அம்மா வீட்டுச் சாமானைச் சென்னைக்கு ஏற்ற லாரி வரும். அப்படியானால் 3-ம் தேதி இருட்டுவதற்குள் நான் புதுக்கோட்டை திருகோகர்ணத்தில் இருக்கணும். சேலத்திலிருந்து பஸ்ஸில் போகப்போவதில்லை, சைக்கிளில்.

ஜூலை 3

அவரிடம் இன்றுதான் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். "எத்தனை கிலோமீட்டர்?"

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு வரும்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "மொதல்ல ஏற்காடு ஏறிக் காட்டு. அப்பறம் பேசலாம்."

நான் போகிற வழியில் மலையே கிடையாது. நாமக்கல், தொட்டியம், முசிறி, திருச்சி, கீரனூர். பாதித் தூரம் காவிரி போகிற பக்கமே நாமும் போகிறோம். இதை அவரிடம் சொல்லவில்லை. மலையைச் சொன்னால் விட்டுவிடுவாள் என்று நினைக்கிறார். இதுவரை ஒரே நாளில் நான் ஓட்டிய அதிகபட்சம் 38 கி.மீ. அதிலும் நடுவில் இரண்டு டீ.

ஜூலை 5

வலது காலை அழுத்தும்போதெல்லாம் ஒரு 'டிக்'.

ஜூலை 6, ஞாயிறு

ஓமலூர் போய்த் திரும்பினேன். சுற்றுக்கு ஒரு டிக். கருப்பூர் வரை எண்ணிக்கொண்டே போனேன், அப்புறம் எண்ணுகிறேன் என்பதே எரிச்சலாகி நிறுத்திவிட்டேன். வலது முட்டியின் முன்பக்கம் வலி. முட்டியிலிருந்துதான் சத்தம் வருகிறதோ என்றுகூட ஒரு கணம் சந்தேகம். திரும்பியதும் வண்டி இல்லாமல் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். முட்டி சத்தம் போடவில்லை.

ஜூலை 8

குகை ஏரியாவில் பாய் கடை. பாய் வண்டியைத் தூக்கி மாட்டவில்லை. "நீ ஓட்டும்மா, நான் கேக்குறேன்" என்று தெருவில் கூடவே நடந்து வந்தார், காதைச் சாய்த்துக்கொண்டு. பத்தடி போவதற்குள், "பெடல்" என்றார்.

பதினைந்தாம் நம்பர் ஸ்பானர். வலது பெடலை இடப்பக்கம் திருப்பினால் கழல்கிறது. இடது பெடலுக்குத் தலைகீழ் மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் வரும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்களாம். மூன்று வருடமாக ஓட்டுகிறேன், இன்றுதான் தெரிகிறது. மரைக்குள் கிரீஸ் மண்ணோடு காய்ந்து கருங்கல்லாகக் கிடந்தது. மண்ணெண்ணெயில் துடைத்துப் புதுக் கிரீஸ் தடவி மாட்டினார். பின் ரிம்மில் கோட்டம் எடுத்தார். செயின் இழுத்துப்போச்சு, மாற்றியே ஆகணும் என்றார். மாற்றியாச்சு.

சத்தம் இல்லை. வீடுவரை காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன்.

ஜூலை 10

சீட்டை இரண்டு விரல்கடை ஏற்றினேன். பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளணும், அதுதான் அளவு. நான் இத்தனை நாளும் ஏதோ மணையில் உட்கார்ந்த மாதிரி ஓட்டியிருக்கிறேன். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு. இப்போது முட்டி பரவாயில்லை, ஆனால் நிற்கும்போது கால் தரையில் எட்டுவதில்லை. ஐந்து ரோடு சிக்னலில் ஒரு ஷேர் ஆட்டோ மேல் சாயப் பார்த்தேன்.

ஜூலை 11

மூக்கனேரிக் கரையில் நிற்கும்போது அம்மா போன். சைக்கிளில் வரப்போவதைச் சொன்னேன். சிரித்தாள். "காத்துப் பார்த்தியா ஆத்தா?" என்றாள். பார்த்தேன் என்றேன். வைப்பதற்குள் அதையே இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் பார்த்தேன் என்று சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஏறிவிட்டேன்.

கோரிமேட்டில் 4.50-க்குக் கிளம்பி, அடிவாரம் செக்போஸ்டைத் தாண்டும்போது இன்னும் இருட்டு. 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட பலகை. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500-க்கு மேல். நேராக நிறுத்தினால் 1,200 மீட்டர் ஏணி.

ஆறாவது வளைவுவரை நன்றாகத்தான் போனேன், அதுதான் தப்பு. முன்னால் சின்னப் பல், பின்னால் பெரிய பல், அதற்குமேல் கியர் கிடையாது. விரல் மட்டும் இன்னும் ஒன்று இருக்காதா என்று லீவரை அழுத்திக்கொண்டே இருந்தது. ஒன்பதில் இறங்கிவிட்டேன். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கடலைமிட்டாய் பிரித்தேன். ஒரு குரங்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது, பிடுங்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தது. நானே பாதி கொடுத்துவிட்டேன். கொடுக்கக் கூடாது என்று போர்டு இருக்கிறது, தெரியும்.

அப்புறம் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். அடுத்த வளைவு வரைக்கும் மட்டும். 14-லிருந்து குளிர். காபித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் மரங்களில் சுற்றிக்கொண்டு மிளகுக்கொடி. கார்கள் தாண்டும்போது பின்சீட்டுப் பிள்ளைகள் கையாட்டின. 18-ல் ஒரு டெம்போக்காரர் வேகத்தைக் குறைத்து, "பின்னாடி புடிச்சிக்கறீங்களாக்கா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்குத்தான் தெரியும்.

ஏரி முன்னால் நின்று அவருக்குப் படம் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான்.

இறக்கம்தான் பயம். பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வந்ததில் மணிக்கட்டு மரத்துவிட்டது. ஐந்தாவது வளைவில் நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், சுரீர். நுனிவிரல் கொப்பளித்துவிட்டது. பாய் சொன்ன மாதிரி முன், பின், முன், பின் என்று விட்டு விட்டுப் பிடித்திருக்கணும். பிரேக் கட்டையில் கோடு தேய்ந்து மறைந்தே போய்விட்டது.

ஜூலை 14

ஆபீஸில் நின்றுகொண்டே ஜவ்வரிசி பில் போட்டேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 16

இதை யாருமே எழுதுவதில்லை. தூரப் பயணம் என்று தேடினால் கியர், டயர், கார்போஹைட்ரேட், இதயத் துடிப்பு எல்லாம் வருகிறது. எங்கே ஒன்றுக்குப் போவது என்று வருவதில்லை. எழுதுகிறவர்கள் எல்லாம் ஒரு புளியமரம் கிடைத்தால் போதும் என்கிற சாதி.

போன வாரம் ஓமலூர் போனபோது நான் தண்ணீரே குடிக்கவில்லை. மறந்து அல்ல, வேண்டுமென்றே. வீட்டுக்கு வந்ததும் மண்டை பிளந்தது. 195 கிலோமீட்டருக்கு அந்த வித்தை பலிக்காது. மணிக்கு அரை லிட்டராவது உள்ளே போகணும், போனால் வெளியே வரணும். பதிமூன்று மணி நேரம்.

பெட்ரோல் பங்க்குகளைக் குறித்துக்கொண்டிருக்கிறேன். கழிவறை இருக்கிறது, பூட்டியிருக்கிறது, சாவி ஆபீஸில். ஆபீஸில் நாலு ஆண்கள். கேட்டால் கொடுப்பார்கள், சங்கடம் கேட்பதில்தான். மல்லூரில் ஒன்று, ஆண்டகலூர் கேட் பக்கம் ஒன்று, நாமக்கல்லில் பஸ் ஸ்டாண்ட். தொட்டியம் பக்கம் எதுவும் தெரியாது, அங்கே வாழைத்தோப்புதான் கதி. பேடு வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக் கூடாது, தையல் அழுத்திப் புண்ணாகிவிடும். அதற்குமேல் டிராக் பேன்ட், அதற்குமேல் முட்டிவரை குர்தா. தோப்புக்குள் இதையெல்லாம் எந்த வரிசையில் கழற்றுவது என்று இரவு பதினொரு மணிக்கு யோசித்துக்கொண்டு கிடக்கிறேன்.

தேதியும் எண்ணிவிட்டேன். தள்ளித்தான் வருகிறது. இருந்தாலும் பையில் இரண்டு நாப்கின்.

ஜூலை 18

நேற்று ஆடி பிறந்தது. மொட்டை மாடியில் துணி நிற்கவில்லை. ஆடிக்காத்து மேற்கிலிருந்து வருகிறது, நாமக்கல்லிலிருந்து நான் கிழக்கே திரும்புகிறேன். திருச்சிவரை முதுகில் தள்ளும். ஆடியில் தேதி வந்தது நல்லதுக்குத்தான். தம்பி இதை எண்ணி லாரி சொல்லியிருக்க மாட்டான்.

ஜூலை 20, ஞாயிறு

மேட்டூர் போய் வந்தேன். 106. முதல் சதம். பதினாறு கண் மதகில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் நின்று பார்த்தால் சத்தம் முதலில் காதில் இல்லை, ஹேண்டில்பாரில் நடுங்குகிறது. 1934-ல் கட்டி முடித்தது. இந்தத் தண்ணீர் இரண்டு நாளில் முசிறிக்குப் போய்விடும். நான் போக இன்னும் இரண்டு வாரம்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எலுமிச்சை என் சேர்க்கை. மேச்சேரியில் தட்டுவடை செட் சாப்பிட்டது முட்டாள்தனம், ஓமலூர்வரை பூண்டுச் சட்னி பேசிக்கொண்டே வந்தது.

டிக் இல்லை.

ஜூலை 22

தம்பி கேட்கிறான்: பின்கட்டில் நிற்கிற அம்மா சைக்கிளை இரும்புக்கடையில் போட்டுவிடட்டுமா? கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம்.

போடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு கூப்பிட்டுக் கத்தினேன். அவன் பாவம்.

ஜூலை 23

தூக்கமில்லை. அது ஆண்கள் சைக்கிள். அன்றைக்கு லேடீஸ் சைக்கிள் யாருக்குக் கிடைத்தது. 1991-92-ல் புதுக்கோட்டை முழுக்க அறிவொளி எழுத்தறிவு இயக்கம். கலெக்டர் ஷீலாராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பெண்கள் சாயங்காலமானால் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள், சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு. எனக்கு ஒன்பது வயது. அம்மா விழுந்ததைப் பார்த்துச் சிரித்தேன். மூன்றாவது வாரம் என்னைப் பார் கம்பியில் துண்டு போட்டு உட்காரவைத்துக் கீரனூர்வரை கூட்டிப்போனாள். வழியில் காற்று இறங்கி, வால்டியூப் மாற்றினாள். அந்தச் சிவப்பு ரப்பர் குழாயை எச்சில் தொட்டு ஏற்றுவாள். பிறகு கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பாள், பழம் பார்க்கிற மாதிரி.

எனக்கு மீட்டர் வைத்த பம்ப் இருக்கிறது. முன்னால் 60, பின்னால் 65. மீட்டர் பார்த்த பிறகும் கட்டைவிரல் போகிறது.

ஜூலை 25

காய்ச்சல்.

ஜூலை 26

102. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

ஜூலை 28

ரத்தப் பரிசோதனை. டெங்கு இல்லை. சும்மா வைரஸ். சைக்கிள் ஹாலில் நிற்கிறது, கட்டிலிலிருந்து பின்சக்கரம் மட்டும் தெரிகிறது.

அம்மா போன் செய்தாள். பெரியம்மா பேர் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். திருத்தவில்லை.

ஜூலை 30

எழுந்துவிட்டேன். கால் ஊறவைத்த அவல் மாதிரி இருக்கிறது. அஸ்தம்பட்டிவரை ஓட்டினேன், ஆறு கிலோமீட்டர், வியர்வையில் நனைந்துவிட்டேன். பையன் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ள, பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பழகினேன். முதல் தடவை 41 நிமிடம், செயின் எந்தப் பக்கம் என்றே புரியவில்லை. இரண்டாவது 23. கருவேல முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போய்விடும், டயருக்குள் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போடணும் என்று பையன் யூடியூப் பார்த்துச் சொல்கிறான். "அடுத்த வாரம் மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கைக்கு வந்துருவல்ல?" என்று இடையில் கேட்டான். வந்துவிடுவேன்.

ஆகஸ்ட் 1

பிரெவே என்கிற நெடுந்தூரச் சைக்கிள் பயணம் ஓட்டுகிறவர்களுக்கு 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம்தான் கெடுவாம். தாண்டினால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். எனக்கு மறுநாள் காலை லாரி வருகிறவரை நேரம் இருக்கிறது.

ஆகஸ்ட் 2

தம்பியிடம் சொல்லிவிட்டேன். இரும்புக்கடையும் வேண்டாம், சென்னையும் வேண்டாம். எப்படிச் சேலம் கொண்டுவருவாய் என்றான். தெரியாது.

பையில்: டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டு, லீவர், பம்ப், பேரீச்சம்பழம், கடலைமிட்டாய் பன்னிரண்டு, பாராசிட்டமால், ஆதார், ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை, பின்விளக்கு இரண்டு. நாலு வழிச்சாலையில் விடியும்வரை லாரிகள். அவர் பைக்கில் பின்னாலேயே வருவதாகச் சொல்கிறார், ஆண்டகலூர் கேட் வரைக்கும். "வெளிச்சம் வந்ததும் திரும்பிடுவேன், நீ போ." அலாரம் 3.00. இப்போது 9.40. தூக்கம் வரப்போவதில்லை.

ஆகஸ்ட் 3, 7.25

நாமக்கல். ஆம்லெட் இரண்டு, டீ. அவர் ஆண்டகலூர் கேட்டில் திரும்பவில்லை, புதுச்சத்திரம்வரை வந்தார்.

10.50

முசிறி. ஆடிப்பெருக்கு, கரை முழுக்கப் பெண்கள். மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா என் கையிலும் ஒன்று கட்டி, சைக்கிள் ஹேண்டிலிலும் ஒன்று கட்டிவிட்டார். தொட்டியத் தோப்பு தேவைப்பட்டது. வரிசை சரியாகத்தான் யோசித்திருந்தேன்.

2.10

திருச்சி. காவிரிப் பாலத்தில் நடந்தே தள்ளினேன், அவ்வளவு கூட்டம். வெயில். உப்புச் சட்டை. சோறு இறங்கவில்லை, மோர் மூன்று.

4.45

கீரனூர். பார் கம்பியில் உட்கார்ந்து வந்த ரோடு இதுவா என்று அடையாளம் தெரியவில்லை. தம்பி கூப்பிட்டான், அம்மா மூன்று மணியிலிருந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறாளாம், யார் வருகிறார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லையாம், ஆனால் உள்ளே வர மாட்டேன் என்கிறாளாம். கட்டைவிரலால் பின்டயரை அழுத்தினேன், கொஞ்சம் இளகியிருக்கிறது. பம்ப் எடுக்கிறேன். ஒரு கிலோமீட்டர் முன்பிருந்து அந்த டிக் திரும்ப வந்துவிட்டது. வலது பெடல் இல்லை, வேறெங்கோ