மண்ணுக்கடியில் இருப்பதற்கு உரியவர் யார்? – ஜப்பான் நாட்குறிப்பு

12 அக்டோபர் 2024, சனி – நாரா

சாலை அகலப்படுத்துவதற்காகத் தோண்டப்பட்ட ஒரு தளத்தில் இன்று காலை பொது விளக்கக் கூட்டம் நடந்தது. அகழாய்வு முடியும் தறுவாயில், குழிகள் மூடப்படுவதற்கு முன்பு, ஊராரை அழைத்து ஆய்வாளர்களே நேரில் காட்டி விளக்குவது இந்நாட்டில் பல்லாண்டு வழக்கம். ‘கென்செட்சு’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். தொப்பி அணிந்த முதியவர்களும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றியிருந்த இளம் பெற்றோரும் கையில் ஒரு துண்டறிக்கையுடன் கயிற்றுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள்.

காட்டப்பட்டவை பொன்னும் மணியும் அல்ல. மஞ்சள் மண்ணில் ஒரே இடைவெளியில் தெரிந்த கரிய வட்டங்கள், அவ்வளவே. நட்ட மரத்தூண் உளுத்துப்போன இடத்தில் வேறு மண் புகுந்ததால் உண்டான நிறமாற்றம் அது. ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளை நாடா போட்டிருந்தார்கள். “வாசல் எந்தப் பக்கம் இருந்திருக்கும்?” என்று ஒரு முதியவர் கேட்டதும், ஆய்வாளர் தயங்காமல் குழிக்குள் இறங்கி, தூண்களின் வரிசையில் இடைவெளி சற்று அகன்றிருந்த இடத்தில் போய் நின்று காட்டினார். விரைவில் அங்கே தார் ஊற்றப்படும் என்பது கூடியிருந்த அனைவருக்கும் தெரியும். தெரிந்தே வந்திருந்தார்கள் என்பதுதான் என்னை அங்கேயே நிற்க வைத்தது.

16 அக்டோபர், புதன்

ஜப்பானியத் தொல்லியலை மானிடவியல் நோக்கில் படிப்பவர் சட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம். 1949 ஜனவரி 26 அன்று ஹோர்யூஜி என்ற பழம் பௌத்தக் கோயிலின் பொன்மண்டபச் சுவரோவியங்கள் தீயில் கருகின. அந்த அதிர்ச்சியின் விளைவாக மறு ஆண்டே பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அறியப்பட்ட தொல்லியல் நிலத்தில் கட்டடம் கட்ட விரும்புவோர் பணி தொடங்க 60 நாள்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். தோண்டும் செலவையும் பெரும்பாலும் அவர்களே ஏற்கிறார்கள். இந்நாட்டு அகழாய்வுகளில் மிகப் பெரும்பான்மை இப்படிக் கட்டுமானத்தை முன்னிட்டு நடப்பவைதாம். தளம் அழியும், அறிக்கை அச்சாகும். அதைப் ‘பதிவாகப் பாதுகாத்தல்’ என்கிறார்கள்.

தோண்டியெடுத்த பொருள்கள் முதலில் தவறவிட்ட பொருள்களுக்கான சட்டத்தின்படி காவல்துறைக்கு அறிவிக்கப்படுகின்றன. ரயிலில் யாரோ மறந்துபோன குடைக்கும் 4,000 ஆண்டுப் பழமையான பானைக்கும் நுழைவாயில் ஒன்றே. பண்பாட்டுச் சொத்து என்று உறுதியாகி, உரியவர் இன்னார் என்று தெரியாதபோது அது மாகாணத்தைச் சேரும்; 2000-க்கு முன்பு நடுவண் அரசைச் சேர்ந்தது. இது வெறும் நடைமுறை என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. உரியவர் யார் என்ற கேள்வியை ஒவ்வோர் ஓட்டுச்சில்லின் மீதும் எழுப்பிப் பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போகும் சமூகம் இது.

19 அக்டோபர், சனி

பானை ஓடு கழுவும் கூடத்தில் பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பணியாளர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்து நாள்கூலிக்கு வரும் நடுத்தர வயதுப் பெண்கள். ஒருவர் தூரிகையால் மண்ணைத் தேய்த்து எடுக்கிறார். அடுத்தவர் உடைந்த விளிம்பை ஒட்டி, நகத்தளவு இடத்தில், தளத்தின் குறியீட்டையும் குழியின் எண்ணையும் மெல்லிய முனையால் எழுதுகிறார். “உட்பக்கம் எழுத வேண்டும், கண்காட்சியில் வைத்தால் வெளியே தெரியக் கூடாது” என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எந்தச் சில்லு எதனுடன் பொருந்தும் என்பதைப் பட்டம் பெற்ற இளைஞர்கள் இவர்களிடம்தான் கேட்கிறார்கள். அறிக்கையின் ஆசிரியர் பட்டியலில் இவர்கள் பெயர் வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

22 அக்டோபர், செவ்வாய்

எட்டாம் நூற்றாண்டு இளவரசர் நாகயாவின் மாளிகை இருந்த இடத்திற்கு நடந்தே போனேன். 1980-களின் பிற்பகுதியில் பல்பொருள் அங்காடி ஒன்றுக்காகத் தோண்டியபோது, ஒரு நீண்ட பள்ளத்திலிருந்து ஏறத்தாழ 35,000 மரச்சீட்டுகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று நாகயா இளவரசரின் அரண்மனைக்கு அனுப்பிய பத்துக் கட்டு அபலோன் சிப்பிக்கான சீட்டு. மாளிகை யாருடையது என்பதற்கு அது பெரும் சான்றாயிற்று. நாய்களுக்கு அளந்த அரிசிக்கும் பாலுக்கும்கூடச் சீட்டு இருந்தது. 729-இல் சதிக்குற்றம் சுமத்தப்பட்டு உயிரை மாய்த்துக்கொண்ட ஒருவரின் வீட்டுக் கணக்கை நாம் இன்று வாசிக்கிறோம். காக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தும் அங்காடி கட்டி முடிக்கப்பட்டது. எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

26 அக்டோபர், சனி – சகாய்

இங்கே கதை தலைகீழ். ஏறத்தாழ 486 மீட்டர் நீளமுள்ள தைசென் கல்லறை மேட்டை, பேரரசர் நிந்தொக்குவின் கல்லறை என்று அரண்மனை நிர்வாக முகமை பராமரிக்கிறது. அங்கு அடங்கியவர் உண்மையில் யார் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வழிபாட்டு வாயிலும் சரளைக்கல் முற்றமும் அகழியும் வரைதான் மக்கள் செல்லலாம். 2018-இல் முகமையும் சகாய் நகராட்சியும் இணைந்து கரைப்பகுதியில் மட்டும் தோண்டின. மறு ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. மற்ற தளங்களில் உரியவரைத் தேடிக் களைக்கும் சட்டம், இங்கே உரியவர் இருக்கிறார் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. முன்னோர் மீதான மதிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், அந்த மதிப்பு அரச குடும்பத்தின் மேடுகளுக்கு மட்டும் இவ்வளவு வலிமையோடு கிடைப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

4 நவம்பர், திங்கள்

வட ஜப்பானின் பழங்குடியினரான ஐனு மக்களின் இடுகாடுகளுக்கு அந்த மதிப்பு கிடைக்கவில்லை. ஹொக்கைடோ தீவின் உரகாவாவில் 1930-களில் தோண்டிப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்ட எலும்புகள், நெடிய வழக்கு சமரசத்தில் முடிந்த பிறகு, 2016-இல்தான் ஊர் திரும்பி அடக்கம் செய்யப்பட்டன. பெற்றுக்கொண்டது தனி வாரிசு அல்ல. ஊர்ச் சமூகத்தின் பெயரால் அமைந்த ஒரு குழு. வேறு பல்கலைக்கழகங்களில் இருந்தவற்றில் பெரும்பகுதி இப்போது ஷிராவோயில், 2020-இல் திறக்கப்பட்ட, ஐனு பண்பாட்டுக்கான உபொபொய் தேசிய வளாகத்தின் நினைவிடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

குளிர்காலத்தில் அங்கே செல்வதற்கான கடிதத்தை இன்று எழுதி அனுப்பினேன். ஓர் ஊரே உரிமையாளராக முன்வரும்போது மற்ற எலும்புகளைத் திருப்பித் தர என்ன தடை என்பதே நான் முதலில் கேட்கப்போவது.