தேநீர் இல்லை, தேநீர் அல்ல: டெல்ஃப் ஏ2 எழுதிய அனுபவம்

நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டுவது என் வேலை. பிரெஞ்சுக்காரர்கள் நிறைய வருவார்கள். அவர்களோடு பேசத்தான் கண்டியில் வகுப்புக்குப் போய், டெல்ஃப் ஏ2 என்ற ஆரம்பநிலைப் பிரெஞ்சு மொழிப் பரீட்சையை எழுதித் தேறினேன். இப்போது படிக்கிற தம்பி தங்கைமார் கேட்பதெல்லாம் அன்று நான் கேட்டவைதான்.

முதல் தலைவலி, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சின்னச் சொற்கள். தேநீர் பிடிக்கும் என்றால் ‘ஜெம் லெ தே’. குடிக்கிறேன் என்றால் ‘ஜெ புவா டு தே’. ஏதோ ஓரளவு குடிப்பதால் ‘டு’. குடிப்பதில்லை என்றால் ‘ஜெ ந புவா பா டெ தே’. மறுத்ததும் ‘டு’ போய் ‘டெ’ வந்துவிடும். ஆனால் ‘இது தேநீர் அல்ல’ என்னும்போது ‘ஸ நே பா டு தே’. ‘டு’ அப்படியே நிற்கும். ஏன் என்று ஆங்கிலத்தில் எவ்வளவு விளக்கியும் எனக்கு ஏறவில்லை. தமிழில் யோசித்ததும் பிடிபட்டது. ‘இல்லை’ வருகிற இடத்தில் ‘டெ’, ‘அல்ல’ வருகிற இடத்தில் ‘டு’. பிடிக்கவில்லை என்பது மட்டும் தனி. அங்கே ‘லெ’ மாறாது.

‘இவ்வளவு காலமாக’ என்று சொல்ல வரும் ‘தெப்புய்’யும் அப்படித்தான், தமிழில் யோசித்தால் பிடிபடும். ‘மூன்று வருசமாக இங்கே வேலை செய்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோமே, பிரெஞ்சிலும் நிகழ்காலம்தான். ‘து’, ‘வூ’ பற்றி நமக்குச் சொல்லித்தரவே வேண்டாம், நீ, நீங்கள். ஆங்கில வழியாகப் படிக்கிறவர்கள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆண்பால் பெண்பாலுக்குத் தமிழ் உதவாது. தேநீர் ஆண்பால், மலை பெண்பால். ‘சியோன்’ என்று முடிபவை பெரும்பாலும் பெண்பால், ‘ஆஜ்’ என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால். மற்றதையெல்லாம் ‘லெ’, ‘லா’ சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் வழி.

சரி, பரீட்சை. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. மொத்தம் 50 எடுத்தால் சித்தி, ஆனால் எதிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. பேச்சுக்குத் தயாராக 10 நிமிடம் தருவார்கள். பேசுவது 6 முதல் 8 நிமிடம். தன் அறிமுகம், ஒரு தலைப்பில் பேச்சு, அப்புறம் பரீட்சகரோடு ஓர் உரையாடல். என் அறிமுகத்தில் கொழுந்து வாடவைப்பதையும் அரைப்பதையும் சொன்னேன். தினம் சொல்லிப் பழகியதால் சொற்கள் தாமாகவே வந்தன. நீங்களும் உங்கள் தொழிலையே பிரெஞ்சில் சொல்லிப் பழகுங்கள். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, ஆறுதலாகத் தயாராகி எழுதலாம்.