முதல் கேமிங் கணினி: பாகங்களைத் தேர்ந்தெடுத்த நாட்குறிப்பு

ஆகஸ்ட் 2, 2025

விளையாட்டுகளுக்கென்று ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டுவது என்று முடிவாகிவிட்டது. எந்தப் பாகத்திலிருந்து தொடங்குவது என்று கேட்டால் பெரும்பாலோர் பிராசஸரைத்தான் சொல்கிறார்கள். நான் மானிட்டரிலிருந்து தொடங்குகிறேன். திரையில் எத்தனை புள்ளிகளை நொடிக்கு எத்தனை முறை வரைய வேண்டும் என்பது தெரிந்துவிட்டால், மற்றப் பாகங்களுக்கு எவ்வளவு திறன் தேவை என்பது அதிலிருந்தே ஒவ்வொன்றாகத் தெளிவாகும்.

1920-க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 2560-க்கு 1440 என்றால் அது 36.9 லட்சமாகிறது, 4கே என்று அழைக்கப்படும் 3840-க்கு 2160 திரையில் 82.9 லட்சம். 4கே திரை முதலாவதைப் போல் சரியாக நான்கு மடங்கு வேலை வாங்குகிறது. நான் நடுவில் உள்ளதை, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை வரையும்) வேகத்துடன் எடுத்துக்கொள்கிறேன். அந்த வேகத்தில் ஒரு சட்டகத்தை, அதாவது ஒரு முழுத்திரைப் படத்தை, உருவாக்கி முடிக்கக் கணினிக்குக் கிடைக்கும் நேரம் 7 மில்லி விநாடிக்கும் குறைவு. 60 ஹெர்ட்ஸ் திரையில் அதுவே 16.7 மில்லி விநாடியாக இருக்கும். கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர் இரண்டுமே அந்த 7 மில்லி விநாடிக்குள் தத்தம் பங்கை முடித்தாக வேண்டும் என்பதால், ஒன்றில் அள்ளிக்கொட்டி மற்றொன்றில் கையைக் கட்டுவது பயன் தராது.

ஆகஸ்ட் 5, 2025

கிராபிக்ஸ் கார்டு: ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 9070. இந்த ஆண்டு மார்ச்சில் வெளிவந்தது. 16 ஜிபி நினைவகம், 220 வாட் மின்தேவை. 1440 திரைக்கு 8 ஜிபி கார்டு போதும் என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு. புதிய விளையாட்டுகளில் டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) அமைப்பை உயர்த்தியதும் 8 ஜிபி நிரம்பிவிடுவதையும், நிரம்பியபின் தரவு பிசிஐஇ என்ற இணைப்புப் பாதை வழியாகக் கணினியின் பொது நினைவகமான ராமுக்குப் போய்த் திரும்புவதால் காட்சி விட்டுவிட்டுத் திணறுவதையும் பார்த்தபிறகு, பல ஆண்டு வைத்திருக்கப்போகும் கார்டில் நினைவகத்தைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

கார்டின் விவரப் பக்கத்தில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு வரி, அது பிசிஐஇ பாதையின் எத்தனை லேன்களை, அதாவது தடங்களை, பயன்படுத்துகிறது என்பது. 9070 பதினாறு லேன்களையும் பயன்படுத்தும் கார்டு. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 போன்றவை பதினாறு லேன் ஸ்லாட்டில் அமர்ந்தாலும் எட்டு லேன்களில்தான் பேசுகின்றன. புதிய மதர்போர்டில் அது பெரிய இழப்பாகாது. ஆனால் பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய மதர்போர்டில் அத்தகைய கார்டைச் செருகினால், பாதையின் அகலமும் குறைந்து ஒவ்வொரு லேனின் வேகமும் பாதியாகிவிடும். பழைய கணினியில் கார்டை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

பிராசஸர்: ரைசன் 5 7600. ஆறு கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), ஒரே நேரத்தில் ஓடும் பன்னிரண்டு த்ரெட்கள் (வேலை இழைகள்). பெட்டியிலேயே கூலர் வருகிறது. சிறியதாயினும் உள்ளேயே கிராபிக்ஸ் பகுதியும் இருப்பதால், கார்டைச் செருகாமலே கணினி உயிர்பெறுகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து உள்ள மாடல்களில் இந்த வசதி கிடையாது. முதன்முறையாகப் பூட்டுபவருக்கு அந்தச் சிறு வசதி பெரிய துணை என்பது என் கருத்து.

ஆகஸ்ட் 8, 2025

இன்று முழுவதும் மதர்போர்டிலேயே கழிந்தது, அதுவும் நியாயந்தான். மற்ற எல்லாப் பாகங்களும் வந்து சேரும் இடம் அது. சாக்கெட், ராம் வகை, பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்), ஸ்லாட்டுகள், இணைப்பு முனைகள் என்று பொருத்தம் பார்க்க வேண்டியவற்றில் முக்கால்வாசி அதன் கையேட்டிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

பிராசஸர் அமரும் இடமான சாக்கெட் என்பது முதல் கதவு. ஏஎம்டியின் பழைய ஏஎம்4 பிராசஸர்களில் 1331 ஊசிகள் பிராசஸரின் அடியிலேயே நீட்டிக்கொண்டிருக்கும். 2022-இல் வந்த ஏஎம்5-இல் 1718 தொடுமுனைகள், ஊசிகளோ சாக்கெட்டின் பக்கம் போய்விட்டன. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 2021-இல் தொடங்கி 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளுக்குப் பயன்பட்டது; 2024-இல் கோர் அல்ட்ரா 200 வரிசையோடு எல்ஜிஏ 1851 வந்தபோது பழைய மதர்போர்டுகளில் புதிய பிராசஸர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. ஏஎம்5-ஐ 2027-உம் அதற்கு மேலும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. சில ஆண்டுகள் கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற அந்த வாய்ப்புதான் நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்கு முதற்காரணம்.

இரண்டாவது கதவு கண்ணுக்குத் தெரியாதது. பிராசஸர் சாக்கெட்டில் கச்சிதமாக அமர்ந்தாலும், மதர்போர்டில் பதிந்துள்ள பயாஸுக்கு அந்தப் பிராசஸரை அடையாளம் தெரியாவிட்டால் கணினி தொடங்காது. பி650 சிப்செட் (மதர்போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சில்லு) கொண்ட மதர்போர்டுகள் 2022 அக்டோபரில் விற்பனைக்கு வந்தன. ரைசன் 9000 வரிசை வந்ததோ 2024 ஆகஸ்டில். சாக்கெட் இரண்டுக்கும் ஒன்றே என்றாலும், இடைப்பட்ட காலத்தில் தயாராகி அலமாரியில் காத்திருந்த ஒரு மதர்போர்டு பழைய பயாஸோடு கைக்கு வரக்கூடும். ஆகவே ஒவ்வொரு மதர்போர்டுக்கும் அதன் தயாரிப்பாளர் வெளியிடும் பிராசஸர் பட்டியலைத் திறந்து, என் பிராசஸருக்கு நேரே எந்தப் பயாஸ் பதிப்பு குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை எழுதிவைத்துக்கொண்டேன். பிராசஸரே இல்லாமல், பென் டிரைவ் ஒன்றைக் கொண்டு பயாஸைப் புதுப்பிக்கும் ஃபிளாஷ்பேக் பொத்தான் சில மதர்போர்டுகளின் பின்புறத்தில் இருக்கிறது. என் தேர்வில் அதைக் கட்டாய நிபந்தனையாகவே வைத்துக்கொண்டேன்.

முடிவு: பி650, மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு, நான்கு ராம் ஸ்லாட்டுகள், ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ளது.

ஆகஸ்ட் 10, 2025

ராமின் இரு தலைமுறைகளான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 முனைகள்தாம். ஆயினும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் இறங்காது. ஏஎம்5-இல் டிடிஆர்5 மட்டுமே உண்டு என்பதால் இதில் குழப்பம் எழவில்லை. எல்ஜிஏ 1700 வாங்குபவர்கள்தாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒரே சிப்செட்டில் டிடிஆர்4 ஏற்கும் மதர்போர்டும் டிடிஆர்5 ஏற்கும் மதர்போர்டும் ஏறத்தாழ ஒரே பெயரில் விற்கப்படுகின்றன.

16 ஜிபி வீதம் இரண்டு ராம்கள், 6000 வேகம், சிஎல் (கேட்ட தரவைத் தரத் தொடங்குமுன் கழியும் சுழற்சிகளின் எண்ணிக்கை) 30. வேக எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ விநாடியில் கிடைக்கும். 6000 வேகத்தில் சிஎல் 30 என்றால் 10 நானோ விநாடி, அதே வேகத்தில் சிஎல் 36 என்றால் 12. ஸ்லாட்டுகள் நான்கு இருக்கின்றனவே, 8 ஜிபி வீதம் நான்காகப் போட்டால் என்ன என்று தம்பி கேட்டான். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ராம்களுக்கு 5200. நான்கு போட்டால் அது 3600-க்கு இறங்கிவிடுகிறது. காலி ஸ்லாட்டுகள் காலியாகவே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 11, 2025

சேமிப்பகம் சுருக்கமாக முடிந்தது. எம்.2 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அந்த வடிவில் மெதுவான சாட்டா வகையும் பிசிஐஇ வழியே பேசும் வேகமான என்விஎம்இ வகையும் உண்டு, எல்லா எம்.2 ஸ்லாட்டும் இரண்டையும் ஏற்பதில்லை. ஒரு டெராபைட் என்விஎம்இ எடுக்கிறேன். சில மதர்போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் சாட்டா முனைகளில் சில செயலிழக்கும். என் மதர்போர்டின் கையேட்டில் அந்த நிபந்தனை இல்லை.

ஆகஸ்ட் 14, 2025

பவர் சப்ளை. விளையாட்டில் ஒரு சட்டகத்தைக்கூட இது கூட்டித் தருவதில்லை என்பதால், பட்டியலில் கடைசியாக மிஞ்சிய பணத்தைக் கொண்டு வாங்கப்படும் பாகம் இதுவாகிவிடுகிறது. மற்ற எல்லாப் பாகங்களின் ஆயுளையும் கையில் வைத்திருக்கும் பாகத்துக்கு இந்த அலட்சியம் தகாது.

கணக்கைக் காகிதத்தில் போட்டேன். கார்டுக்கு 220 வாட். பிராசஸரின் பெட்டியில் 65 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், சாக்கெட் வழியே அது இழுக்க அனுமதிக்கப்பட்ட உச்சம் 88 வாட். மதர்போர்டு, ராம், சேமிப்பகம், மின்விசிறிகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 60 வைத்தாலும் மொத்தம் 370-ஐத் தாண்டவில்லை. அப்படியானால் 450 போதுமே என்று தோன்றும். ஆனால் இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் மில்லி விநாடிக்கும் குறைந்த நேரத்துக்குத் தம் சராசரியைவிட வெகு அதிகமாக மின்சாரத்தை இழுக்கின்றன. பவர் சப்ளை அதைத் தாங்காவிட்டால், பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொண்டு விளையாட்டின் நடுவில் கணினியை அணைத்துவிடும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை இந்த நொடிப்பொழுது எழுச்சிகளையும் கணக்கில் எடுத்தது. 9070-க்கு ஏஎம்டி பரிந்துரைப்பது 650 வாட். பின்னாளில் பிராசஸரை மாற்றும்போதும் இடம் இருக்கட்டும் என்று 750 வாட்டில் ஏடிஎக்ஸ் 3.0 ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

80 பிளஸ் கோல்டு என்ற முத்திரையைத் தரத்துக்கான உத்தரவாதமாகப் பலர் படிக்கிறார்கள். அது சொல்வது மின்சிக்கனத்தை மட்டுமே: 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையில் குறைந்தது 90 சதவீதம் வீணாகாமல் கிடைக்கிறது என்று பொருள். உள்ளேயுள்ள பாதுகாப்புச் சுற்றுகளைப் பற்றியோ கெப்பாசிட்டர்களின் ஆயுளைப் பற்றியோ அந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை.

கேபிள்களுக்கு வருகிறேன். பிசிஐஇ ஸ்லாட்டே கார்டுக்கு 75 வாட் வரை தரும். 8 முனை இணைப்பு ஒவ்வொன்றும் 150 தரும். என் கார்டில் அத்தகைய இணைப்புகள் இரண்டு, எனவே மொத்தம் 375 வரை கிடைக்கும், 220-க்குத் தாராளம். இரண்டுக்கும் ஒரே கேபிளின் கிளைகளைப் பயன்படுத்தாமல் தனித்தனிக் கேபிள்களை இழுக்கப்போகிறேன். பிராசஸருக்கான 8 முனை கேபிள் நான்கும் நான்குமாகப் பிரியும், கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். தோற்றம் ஒன்றுபோல் இருந்தாலும் மின்னோட்டத்தின் திசை மாறுபட்டது என்பதால் ஒன்றை மற்றொன்றில் அழுத்தித் திணிக்கக் கூடாது.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் பவர் சப்ளைகளின் கேபிள்களில் பாகங்களைச் சேரும் முனை பொது வரையறைக்கு உட்பட்டது; பவர் சப்ளையைச் சேரும் முனைக்கோ அப்படி எந்த வரையறையும் இல்லை. ஒரு நிறுவனத்தின் கேபிள் மற்றொரு நிறுவனத்தின் பவர் சப்ளையில் சிக்கலின்றிப் பொருந்தக்கூடும். பொருந்தியபின் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய், சேமிப்பகம் எரிந்துபோகவும் கூடும். ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்கிடையிலும் இது நேரலாம். பவர் சப்ளையை மாற்றுபவர்கள் பழைய கேபிள்களை அப்படியே விட்டுவைக்காமல், புதியதோடு வந்தவற்றையே இழுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 17, 2025

கேபினெட்டுக்கு அளவுநாடாதான் வேலை. மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு 244-க்கு 244 மில்லிமீட்டர் என்பதால் அநேகமாக எந்த நடுத்தரக் கேபினெட்டிலும் அடங்கும். கார்டின் நீளம் 300 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், தடிமன் இரண்டரை ஸ்லாட். கேபினெட்டின் விவரத்தில் தரப்படும் நீள வரம்பு முன்பக்க மின்விசிறிகளை விலக்கிச் சொல்லப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஒரு மின்விசிறி 25 மில்லிமீட்டரைத் தின்றுவிடும். இப்போதைக்குப் பிராசஸரோடு வரும் கூலரே போதும் என்றாலும், பின்னாளில் 160 மில்லிமீட்டர் உயரமுள்ள டவர் கூலர் ஒன்று வரக்கூடும் என்று அதற்கும் இடம் பார்த்தேன்.

முன்பக்கத்தில் டைப் சி முனை உள்ள கேபினெட் வேண்டும் என்று ஆசைப்பட்டால், அதன் கேபிளை வாங்கிக்கொள்ளும் முனை மதர்போர்டில் இருக்க வேண்டும், என்னுடையதில் இருக்கிறது. வண்ண விளக்குகளுள்ள மின்விசிறிகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: மூன்று ஊசியுள்ள விளக்கு இணைப்பு 5 வோல்ட், நான்கு ஊசியுள்ளது 12 வோல்ட். மாற்றிச் செருகினால் விளக்குகள் கருகிவிடும்.

ஆகஸ்ட் 24, 2025

எல்லாம் வந்துசேர்ந்தன, தம்பி உடனிருந்து திருகாணிகளை எடுத்துத் தந்தான். பிராசஸரைக் கையில் ஏந்தியிருந்தபோது, "அக்கா, தங்க நிற முக்கோணம் இந்த மூலையில இருக்கு" என்று அவன் காட்ட, சாக்கெட்டின் முக்கோணத்தோடு அதை நேராக்கி, அழுத்தாமல் வைத்துவிட்டு நெம்புகோலை இறக்கினேன். அது இறங்கும்போது எதிர்பாராத அளவுக்கு விசை தேவைப்படும். மேலிருந்த கறுப்பு மூடி தானாகவே தெறித்து வெளிவரும். கூலரைத் திருகுவதற்கு முன், சாக்கெட்டின் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. பின்தகடு அங்கேயே இருக்கும், அதில்தான் கூலரின் நான்கு திருகாணிகளும் இறங்குகின்றன. ராம்கள் இரண்டையும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட்டேன். கையேடும் அதையே சொல்கிறது.

கார்டைச் செருகாமல், மதர்போர்டின் எச்டிஎம்ஐ முனையில் மானிட்டரை இணைத்துப் பொத்தானை அழுத்தினேன். திரை இருண்டே இருந்தது. மதர்போர்டில் ராமைக் குறிக்கும் சிறு விளக்கு மட்டும் எரிந்தது. ஏஎம்5 மதர்போர்டு முதன்முறை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், அந்நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. விளக்கு அணைந்து பயாஸ் திரை வந்ததும், பிராசஸரின் பெயரும் 32 ஜிபியும் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, அணைத்து, கார்டைப் பூட்டி, மானிட்டரின் கேபிளைக் கார்டின் டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாற்றினேன்.

மீண்டும் பயாஸுக்குள் போனபோது ராம் 4800 வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ராமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ அமைப்பை இயக்கியதும் 6000 ஆயிற்று. விண்டோஸை நிறுவி, கார்டின் டிரைவரைப் போட்டபிறகு, திரை அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்றிருந்ததை 144 ஆக மாற்றினேன்.