கரண்ட் வைத்தது வலிக்கவில்லை, ஊசி வலித்தது

கீழக்கரையில் என்னிடம் ஜாக்கெட்டும் புர்காவும் தைக்கக் கொடுப்பவர்கள் இப்போது அளவைச் சொல்வதற்கு முன்னால் கேட்பது, "கையில கரண்ட் வச்சாங்களாமே லாத்தா?" என்பதுதான். வைத்தார்கள். ஆனால் வீடு வந்தபின் என்னைப் படுத்தியது அந்தக் கரண்ட் இல்லை. நரம்பும் தசையும் சரியாக வேலை செய்கிறதா என்று கரண்டும் ஊசியும் வைத்துப் பார்க்கிற இதே டெஸ்ட்டுக்குப் (என்.சி.எஸ்., இ.எம்.ஜி. என்பார்கள்) போகப்போகிறவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போகும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் உயிர் வரும். சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. கத்தரிக்கோல் பிடித்துத் துணி வெட்டும்போது பிடி நழுவ ஆரம்பித்ததும் டாக்டர் மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். மணிக்கட்டுக்குள் எலும்புக்கும் ஒரு பட்டையான தசைநாருக்கும் நடுவில் குறுகலான வழி இருக்கிறதாம். அதற்குள் போகிற மீடியன் நரம்பு நசுங்கினால் இப்படித்தான் இருக்கும். சுண்டுவிரலுக்கு வருவது வேறு நரம்பு, அதனால் அது தப்பித்துக்கொள்கிறது. ஆனால் கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் இதே மாதிரி விரல்கள் மரக்கலாம். எது என்று பிரித்துப் பார்க்கத்தான் டெஸ்ட்.

முதல் பாதி, கரண்ட். கையில் தடவியிருந்த தேங்காய் எண்ணெயை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார் டெஸ்ட் எடுத்த தம்பி. "எண்ணெய் தேய்க்காம வரணும்னு சொல்லலையா அக்கா?" என்றார். யாரும் சொல்லவில்லை. ஏசி அறையில் கை சில்லிட்டிருந்தது என்று வெந்நீரில் கொஞ்ச நேரம் வைக்கச் சொன்னார். கை குளிர்ந்தால் நரம்பில் செய்தி மெதுவாகப் போகும், நல்ல நரம்பும் கெட்டுப்போனது போலக் காட்டிவிடும் என்றார். பிறகு விரலில் வளையம் மாட்டி, மணிக்கட்டில் கரண்டால் ஒரு தட்டு, முழங்கையில் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டும் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. விரல் தானாகத் துள்ளும், அவ்வளவுதான். கையில் ஓடுகிற நல்ல நரம்பு வினாடிக்கு 50 மீட்டருக்குக் குறையாமல் செய்தியைக் கொண்டுபோகுமாம், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நான் ஏறிப்போன பஸ் அதில் பாதி வேகத்தைக்கூடக் காட்டவில்லை.

கடலுக்குப் போகிற எங்கள் காக்காவிடம், அதாவது அண்ணனிடம், இதைச் சொன்னபோது, வலையில் வரும் ஷாக் அடிக்கிற திருக்கையைத் தெரியாமல் தொட்ட மாதிரி இருந்ததா என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான். சுண்டி இழுத்துவிட்டு உடனே விட்டுவிடும். அறையை விட்டு வெளியே வரும்போது அந்த உணர்வே இல்லை.

அடுத்த பாதிதான் ஊசி. மெல்லிய ஊசியைத் தசைக்குள் விட்டு, தசை சும்மா இருக்கும்போதும் இறுக்கும்போதும் என்ன சத்தம் எழுப்புகிறது என்று மெஷினில் கேட்கிறார்கள். சும்மா இருந்தால் நிசப்தம், கையை இறுக்கினால் சடசடவென்று ஸ்பீக்கரில் கேட்கும். ஊசி வழியாகக் கரண்ட் போவதில்லை, மருந்தும் போவதில்லை, அது கேட்க மட்டும்தான் செய்கிறது. இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. முன்கையில் குத்தியது தாங்கக்கூடியது. கழுத்துக்குப் பின்னால் குத்தியதும் பரவாயில்லை. கட்டைவிரலுக்கு அடியில் மேடாக இருக்கிற சதை இருக்கிறதே, அங்கே குத்தியபோது அல்லாஹ்வே என்று கத்திவிட்டேன். குத்திய பிறகு அந்த விரலை மேலே தூக்கி இறுக்கவும் சொல்கிறார்கள்!

ராமநாதபுரம் வந்து சேர்வதற்குள் அந்த மேடு விண்விண்ணென்று தெறித்தது, பையைப் பிடிக்க முடியவில்லை. ராத்திரி முன்கை முழுக்கக் கடுத்தது. காலையில் பார்த்தால் ஊசி போன இடத்தில் நீலமாகக் கன்றியிருக்கிறது. பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டு, "நரம்பை வெட்டிட்டாங்க" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். உம்மா அழ ஆரம்பித்தது. டெஸ்ட் எடுத்த இடத்துக்கு போன் போட்டால், "ரிப்போர்ட்டோட டாக்டரைப் பாருங்க" என்று வைத்துவிட்டார்கள். ஊசி குத்தினால் ஒன்றிரண்டு நாள் சதை வலிக்கும், கன்றிப்போகும் என்று அனுப்பும்போதே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

எங்கள் ஊர் டாக்டர்தான் விளக்கினார். அழுத்தினால் வலிக்கிற இடம் ஊசி குத்திய இடமாகவே இருந்தால் அது தசை வலி, உள்ளே கொஞ்சம் ரத்தம் கசிந்திருக்கும். மரத்துப்போவது பழைய மூன்று விரல்களில் மட்டும்தான் என்றால் அது பழைய வியாதி, டெஸ்ட்டால் வந்தது இல்லை. துணியில் சுற்றி ஐஸ் வைக்கச் சொன்னார், பாராசிட்டமால் கொடுத்தார், கத்தரிக்கோலைத் தொடக்கூடாது என்றார். குத்திய இடம் வீங்கிக்கொண்டே போனாலோ, சிவந்து சூடானாலோ, காய்ச்சல் வந்தாலோ, புதிதாக ஒரு விரல் அசையாமல் போனாலோ உடனே வரவேண்டும். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. வலி தானாக வடிந்தது, நீலம் மஞ்சளாகி மறைந்தது.

ரிப்போர்ட்டில் கழுத்து நன்றாக இருக்கிறது, மணிக்கட்டில்தான் நசுக்கம், மிதமானது என்று இருந்தது. இப்போது ராத்திரி மணிக்கட்டை மடங்கவிடாத பட்டை போட்டுக்கொண்டு தூங்குகிறேன். வெயில் காலத்தில் அது ஒரு தண்டனை, ஆனால் உதறி எழுவது குறைந்திருக்கிறது.

போகிறவர்களுக்கு: எண்ணெய், கிரீம் எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலை வீட்டிலேயே கழற்றி வையுங்கள், அங்கே பத்திரமாக வைக்க இடம் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தசைக்காக சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்திருந்தால், ஊசி டெஸ்ட்டுக்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுவது நல்லது. ஊசி குத்திய தசையால் அந்த அளவு கொஞ்சம் ஏறிக் காட்டலாம். அப்புறம், திரும்பி வரும்போது பை தூக்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.