ஓரியூர் செம்மண்

அம்மா நேர்ந்துகொண்டது ரெண்டு பிள்ளைகளையும் சேர்த்துத்தான். என் மகன் டெங்குவில் படுத்து, பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போன ராத்திரி அது. ஆஸ்பத்திரி வராந்தாவில் செபமாலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "அருளானந்தரே, பேரப்பிள்ளையை எழுப்பிக் கொடுத்துருங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்து ஓரியூருக்கு வந்து, கிடாய் வெட்டிச் சோறு போடுவாங்க" என்றாள். பிள்ளை எழுந்துவிட்டான், இப்போது கல்லூரிக்குப் போகிறான். அம்மா இறந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. நானும் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை என்பதால் நேர்ச்சை மட்டும் அப்படியே கிடந்தது.

2025 மார்ச் 5, நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். தனியாகவே கிளம்பினேன். போர்ச்சுகல்லிலிருந்து வேதம் போதிக்க வந்த அருளானந்தர் ஓரியூரில் தலை கொடுத்த 1693 பிப்ரவரி 4ஆம் தேதியும் ஒரு திருநீற்றுப் புதன்தான், அதனால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மை வேறு. அன்று ஒருசந்தி விரதம், இறைச்சி கூடாது, கிடாய் வெட்ட முடியாது. கிடாய்க்கு ஆகும் பணத்தைக் கவரில் போட்டு உண்டியலில் சேர்த்துவிட்டால் நேர்ச்சை தீர்ந்தது, அண்ணனைக் கூப்பிடவும் வேண்டாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். தேவகோட்டையில் அண்ணன் வீட்டுத் தெருமுனையை பஸ் தாண்டியபோது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

திருவாடானையில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கூட்ட நாள் என்றால் இரட்டிப்பு வாடகையாம். வயிறு காய்ந்து வருகிறவர்களிடம் இப்படிப் பிடுங்குவது நியாயமே இல்லை. இறங்கிய இடத்தில் மெழுகுவர்த்தி விற்பவர்கள் கையில் திணித்துவிட்டுக் காசு கேட்கிறார்கள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தன வரிசையிலோ அதைவிட மோசம். என் முன்னால் நின்றவர் தன் குடும்பத்தையே நடுவில் செருகினார். யாருடைய போனோ நிற்காமல் அடித்தது. பாவத்தை நினைத்து உருக வந்த இடத்தில் இன்னும் ரெண்டு கோபங்களைச் சேர்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

நிற்க நிற்க, அருளானந்தர் காலத்து மறவர் சீமைத் தலைவர் தடியத்தேவர் நினைவு வந்தது. நோய் தீர்ந்து ஞானஸ்நானம் கேட்டபோது அவருக்குப் பல மனைவிகள். ஒருத்தியைத் தவிர மற்றவர்களை விட்டு விலகினால்தான் தண்ணீர் ஊற்றமுடியும் என்று அருளானந்தர் சொல்லிவிட்டார். தேவரும் விலகினார். அப்படி விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் அரசர் சேதுபதியின் உறவுக்காரி. அந்தக் கோபம்தான் சுற்றி வளைத்து அருளானந்தரின் கழுத்துக்கு வந்தது. கொல்லப்படுவதற்கு முந்தின நாள் சிறையிலிருந்து கரியைக் கரைத்து மையாக்கிக் கடிதம் எழுதினார். வெட்ட வந்தவனையும் கட்டித் தழுவிக்கொண்டார் என்று எங்கள் பாட்டி சொல்வாள்.

என் முறை வந்தது. முழங்கால் போட்டேன்.

"பதினோரு வருஷமாச்சு சாமி, பாவசங்கீர்த்தனம் பண்ணி" என்று ஆரம்பித்து அண்ணனைப் பற்றியே சொன்னேன். அம்மாவைக் கவனிக்கவில்லை, அடக்கத்தன்று கூட என்னோடு பேசவில்லை, ஊரில் என்னைப் பற்றி ஏதேதோ சொல்லியிருக்கிறார். சாமியார் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அதெல்லாம் அவர் வந்து சொல்லவேண்டியது. நீங்க உங்க பாவத்தைச் சொல்லுங்க."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏழு வருடமாக யாரிடமும் சொல்லாததை அந்தக் கம்பித் தடுப்பின் வழியாகச் சொன்னேன். அம்மா நினைவு தப்பித் தப்பிப் படுத்திருந்தபோது, வீட்டுக்குப் பின்னாலிருந்த கொல்லை மனையை என் பேருக்கு எழுதி, அவள் கட்டை விரலை நானே பிடித்து மையில் அழுத்தினேன். அந்த விரல் சுருங்கிக் குளிர்ந்து போயிருந்தது. மை துடைக்கத் துணி தேடியபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் இத்தனை வருடம் நான் பூசையில் நற்கருணை அப்பம் வாங்காமல் பின்வரிசையில் நின்றேன்.

சாமியார் திட்டவில்லை. "ஆண்டவர் மன்னிக்கிறார், சந்தேகமே வேண்டாம். ஆனா எடுத்தது இன்னும் உங்க கையிலதானே இருக்கு? அண்ணன் பங்கைக் கொடுத்துருங்க. காணிக்கையைப் பீடத்து முன்னாடி வச்சிட்டு முதல்ல சகோதரனைப் பார்த்துட்டு வான்னு இயேசு சொன்னது உங்களுக்குத்தான்" என்றார். என் சட்டைப் பையில் கவர் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்! கை நீட்டி மன்னிப்பு வழங்கினார். எழுந்திருக்க முடியவில்லை. பின்னால் நின்ற ஒரு அம்மா கை கொடுத்துத் தூக்கிவிட்டார். வரிசையில் நான் யார் யாரை முறைத்தேனோ அவர்களில் அவரும் ஒருவர்.

பூசையில் பரலோக மந்திரம் வந்தபோது என் வாயில் பழைய பாடம்தான் வந்தது. "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்." அம்மா சொல்லிக்கொடுத்தது. தீமை செய்தவன் நான்தான் என்று தெரிந்து அந்த வரியைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. நெற்றியில் சாம்பல், நாவில் நற்கருணை. ஆண்டவரே, எத்தனை வருடம் கழித்து!

வெளியே வந்து, இரத்தம் விழுந்த மண் என்று எல்லோரும் எடுக்கும் செம்மண்ணில் கொஞ்சம் எடுத்தேன். ஒரு பொட்டலம் வீட்டுக்கு, ஒன்று அண்ணனுக்கு. மரத்தடியில் நின்று போன் பண்ணினேன். நம்பர் மாறியிருக்குமோ என்று பயந்தேன். எடுத்துவிட்டார்.

"அண்ணே, ஓரியூர்ல இருந்து பேசுறேன்."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"அம்மா நேர்ச்சையா?"

"ஆமாண்ணே. பாதிதான் முடிஞ்சிருக்கு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், நேர்ல."

"சாப்பிட்டியா?"

"ஒருசந்திண்ணே."

"சரி. வர்ற வழியில இறங்கு. அண்ணி கஞ்சி வைப்பா."

அருளானந்தரே, உமக்கு நான் என்ன சொல்வேன்? பிள்ளையைக் கொடுத்தீர், அண்ணனைக் கொடுத்தீர். அன்று சாயங்காலம் தேவகோட்டைத் திண்ணையில் எல்லாவற்றையும் சொன்னபோது அண்ணன் முகம் கறுத்தது. எழுந்து உள்ளே போய்விட்டார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது கையில் கஞ்சிக் கிண்ணம். நடு மனையில் கல் ஊன்றி, பாதியை அவர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உண்டியலில் போடாத அந்தக் கவர் இப்போது அண்ணனிடம்தான் இருக்கிறது. கிடாய் பார்த்துவிட்டாராம்.